நாலேமுக்காலுக்கு அனுப்பிய ஒப்படை

மன்னார்ப் பட்டினத்தில் இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் எனக்கு ஒரு கந்தோர் இருந்தது. கந்தோர் என்றதும் மேசை, கதிரை, ஆட்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். மேசை இருந்தது. கதிரைகளும் இரண்டு இருந்தன. ஆட்கள் என்று பார்த்தால் நான்தான். இரண்டாவது கதிரை வருகிறவர்களுக்கென்று போட்டது. ஒருவரும் வராததால் அதில் என் கால்கள் இருந்தன.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம். ஊர்ப்பக்கத்து ஆட்கள் வீட்டில் இருந்தபடியே படித்துக் கந்தோர் வேலைக்குத் தகுதி பெறட்டும் என்று ஒரு நிறுவனம் இணையவழிப் பாடநெறி ஒன்றைத் தொடங்கியிருந்தது. பாடங்கள் ஒரு தளத்தில் இருக்கும். படித்துவிட்டு, வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் ஒப்படையை எழுதி அதே தளத்தில் ஏற்றவேண்டும். அந்தத் தளம் வெளிநாட்டில் எங்கோ ஒரு கணினியில் மாத வாடகைக்குக் குடியிருந்தது. பாடநெறிக்குப் பொறுப்பான மிஸ் கொழும்பில் இருந்தார். மாணவர்கள் எருக்கலம்பிட்டி தொடங்கிக் கொண்டச்சி வரைக்கும் சிதறிக் கிடந்தார்கள். தளத்தில் ஏதும் கோளாறு வந்தால் அவர்கள் என்னைக் கூப்பிடவேண்டும் என்பது ஏற்பாடு. தொழில்நுட்ப உதவியாளர் என்று எனக்குப் பட்டமும் தந்திருந்தார்கள். கோளாறு வரவில்லை. ஆகவே ஒருவரும் கூப்பிடவில்லை. இவ்வளவு நிம்மதியான வேலை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, இப்படி ஒரு வேலையில் இவ்வளவு அலுத்துப்போனதும் இல்லை.

நான் தமிழ்நாட்டு முகாமிலிருந்து தனியாக வந்தவன். மகளுக்குக் கடைசி வகுப்பு முடியவேண்டும் என்பதால் மனைவியும் அவளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் முன்னால் போய்க் காணியைத் துப்பரவாக்குவது, அவர்கள் பின்னால் வருவது என்று திட்டம். முகாமில் எங்கள் வீடு ஒரே அறை. மூன்று பேர் இருந்தோம், பக்கத்து அறைக்காரரின் இருமலையும் சேர்த்தால் நாலு. தனியாக இருந்து ஒரு யோசனை யோசிக்க அங்கே இடமே கிடையாது. இங்கே வந்து பார்த்தால், தனிமை எனக்கென்று ஒரு மேல்மாடியையே பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

மத்தியானத்தில் படியடிக்கு ஒரு கழுதை நிழலுக்கு வரும். மன்னாரில் கழுதைக்குப் பஞ்சமில்லை, ஆனால் இது ஒருநாளும் தவறாது. கீழே இருக்கிற கடை முதலாளி அதைக் கண்டவுடன் மேலே பார்த்துச் சத்தம் கொடுப்பார்.

"சேர், உங்கட ஆள் வந்திட்டார். வகுப்பு இன்னும் தொடங்கேல்லையோ?"

"ஆள் வந்தது சரி. போன கிழமை ஒப்படை இன்னும் தரேல்லை" என்று நான் மேலிருந்து சொல்வேன். அநேகமான நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

தளத்தின் ஒரு மூலையில் 'இப்போது இணைப்பில் இருப்போர்' என்று ஒரு பெட்டி இருந்தது. எப்போது பார்த்தாலும் அதில் ஒரே ஒரு பெயர் இருக்கும். அது என் பெயர். ஒருநாள் ஆசைக்கு வெளியே வந்து, முன்பின் தெரியாதவனைப்போல எட்டிப் பார்த்தேன். 'ஒருவருமில்லை' என்றது. அந்த வீட்டை அப்படி விட மனம் வரவில்லை, திரும்பவும் உள்ளே போய்க் குந்தினேன். கலந்துரையாடல் பகுதியில் ஒரு செய்தியும் எழுதிப் போட்டேன். 'எல்லாருக்கும் வணக்கம். பிரச்சினை ஏதும் இருந்தால் இங்கே எழுதுங்கள். பிரச்சினை இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.' போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோழகக் காற்று யன்னலால் மணலை அள்ளிக்கொண்டு வந்து விசைப்பலகைமேல் போட்டது. வந்த பதில் அது மட்டும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் தொலைபேசி அடித்தது.

"சார், நான் பாப்பாமோட்டையில இருந்து பேசுறன்."

இங்கே எல்லோரும் என்னை 'சேர்' என்பார்கள். 'சார்' என்ற உடனேயே பிள்ளை எங்கே வளர்ந்தது என்று பிடிபட்டுவிட்டது. முகாமிலேயே பிறந்து, வளர்ந்து, கலியாணமும் கட்டி, புருசனின் ஊருக்கு முதன்முதலாக வந்தவள் என்பது பிறகு தெரிந்தது. கதிரையிலிருந்து காலை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கோ தங்கச்சி."

"நான் கரெக்டா நாலேமுக்காலுக்கு அனுப்பினனான் சார். அனுப்பின உடனே அது அஞ்சேகால் எண்டு காட்டுது. பிந்தியது எண்டு சிவப்பில போட்டிருக்கு."

எனக்கு வந்த முதல் அழைப்பு. அறிவாளியாகத் தெரியவேண்டும் என்ற அவசரத்தில் யோசிக்காமலே பதில் சொன்னேன். "உங்கட பக்கம் இணைப்பு மந்தம். கோப்பு போய்ச் சேர அவ்வளவு நேரம் எடுத்திருக்கும்."

"ஒரு பக்கம்தான் சார் அது."

"ஒரு பக்கமெண்டாலும் பாரமான பக்கமா இருக்கும்."

அந்தப் பகிடிக்கு அவள் சிரிக்கவில்லை. அடுத்த கிழமையும் கூப்பிட்டாள். அதே கதை, என்னிடமிருந்து அதே பதில், பகிடி மட்டும் குறைவு. மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"மூணாவது சிவப்பும் விழுந்திட்டு சார். மூணு விழுந்தா பேரை எடுத்திடுவினமாம், மிஸ் எழுதியிருக்கிறா. திங்கட்கிழமை எடுக்கிறாவாம். இஞ்ச கூட்டுறவுச் சங்கக் கந்தோரில ஒரு கிளார்க் வேலை இருக்கு சார். சர்ட்டிபிகேட் கொண்டு வந்தா உனக்குத்தான் எண்டு மனேச்சர் சொல்லி வைச்சிருக்கிறார்."

நான் மந்தமான இணைப்பை இழுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"எங்கட மாமி சொல்றா, கேம்பில வளந்ததுக்கு மணி பாக்கத் தெரியாதாம்."

அந்தப் பேச்சு மாமி மருமகளுக்குச் சொன்னதுதான், ஆனாலும் பாதி வழியில் என்னிலும் தட்டிவிட்டுத்தான் போனது. "நானும் கேம்பில இருந்து வந்தவன்தான் தங்கச்சி. நான் பாக்கிறன்" என்றேன். இந்தமுறை உண்மையாகவே பார்ப்பதற்காகச் சொன்னேன்.

முதலில் ஒரு பொய் மாணவனை உருவாக்கினேன். தளத்தில் அவனுக்கு ஒரு கணக்குத் திறந்து, அவன் பெயரில் ஒரு வெற்றுத் தாளை ஏற்றினேன். என் கணினியில் பத்து மணி. அவன் பத்தரைக்கு அனுப்பியதாகத் தளம் சொன்னது. வெறும் தாளை அனுப்ப அரை மணித்தியாலம் எடுத்த என் மாணவனை நினைத்து வெட்கமாக இருந்தாலும், கோளாறு ஒன்று அகப்பட்டதில் எனக்குள் ஒரு சந்தோசம். தனியாக இருக்கிறவனுக்குக் கோளாறும் ஒரு விருந்தாளிதான்.

முதல் சந்தேகம் என் கணினிமேல். அதன் உள்ளே இருந்த பொத்தான் பற்றரி செத்துப் பல நாள். காலையில் போட்டால், தான் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வருசத்தில்தான் எழும்பும். நான் கையால் நேரம் வைப்பேன். பசாரில் மணிக்கூடு திருத்துகிறவரிடம் புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன். பொய் மாணவன் இன்னும் அரை மணித்தியாலம் முன்னுக்கே நின்றான். கைத்தொலைபேசியைப் பார்த்தேன். மத்தியானம் கோயில் மணி அடிக்கும்வரை காத்திருந்தேன், பிறகு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தேன். கோயிலும் பள்ளிவாசலும் என் தொலைபேசியும் ஒற்றுமையாக இருந்தன. கழுதைகூட நேரத்துக்கு வந்தது. தளம் மட்டும் தனிவழி.

தளத்தை வாடகைக்கு விட்டவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. தங்கள் கணினியின் நேரம் மிகச் சரி என்றும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். வேறு உதவி என்றால், பின்னேரங்களில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று எழுத வந்தது. எழுதவில்லை. நேரம் பிழைதான் என்று திரும்பவும் எழுதினேன். இம்முறை வேறொருவர் விளக்கினார். தளம் இருக்கும் கணினி உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகிறதாம். எந்த ஊருக்கு எவ்வளவு கூட்டிக் காட்டவேண்டும் என்று அதன் உள்ளே ஒரு அட்டவணை இருக்கிறதாம். அதைப் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். தளம் கொழும்பு நேரத்தில் இருந்தது. கொழும்புக்கு நேரே 'ஆறு மணித்தியாலம் கூட்டுக' என்றிருந்தது. ஐந்தரைதானே கூட்டவேண்டும்.

அப்போதுதான் முகாமில் எப்போதோ பத்திரிகையில் வாசித்து மறந்துபோன ஒன்று ஞாபகம் வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று இலங்கை ஒருகாலத்தில் தன் மணிக்கூடுகளை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. சில வருசங்களுக்குப் பிறகு பழையபடி திருப்பி வைத்துவிட்டது. நாடு திரும்பிவிட்டது, அட்டவணையை ஒருவரும் திருத்தவில்லை. தளம் இன்னும் அந்தப் பழைய உத்தரவுக்கே கீழ்ப்படிந்துகொண்டிருந்தது.

அட்டவணையைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை. ஊரை மாற்ற அதிகாரம் இருந்தது. கொழும்பை விட்டு, ஐந்தரை கூட்டுகிற ஊர் எது என்று தேடினேன். கொல்கத்தா இருந்தது. இருபது வருசம் இந்தியாவில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், வேலை கிடைத்த சில மாதங்களுக்குள் தளத்தையே இந்தியாவுக்கு அனுப்பிவிட்டேன். அன்று பின்னேரம் இதை மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப அதுக்கும் அகதிப் பதிவு அட்டை எடுக்கோணுமே?" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்றாள். ஓம் என்றேன். அது பொய். மகளுக்கு ரியூசன் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பாப்பாமோட்டைக்கு எடுத்தேன். "தங்கச்சி, இப்ப திறந்து பாருங்கோ."

விசை தட்டுகிற சத்தம் கேட்டது. "நாலேமுக்கால் எண்டு காட்டுது சார்."

"பாத்தியளோ?"

"ஆனா சிவப்பு போகலையே சார். பதினைஞ்சு நிமிசம் பிந்தியது எண்டு இன்னும் இருக்கு."

நானும் திறந்து பார்த்தேன். உண்மைதான். அவளுடைய ஒப்படை நாலேமுக்காலுக்கு வந்துவிட்டது, ஆனால் அதற்கு விதித்த கெடுவும் கூடவே பின்னுக்கு வந்து நாலரையாகியிருந்தது. மிஸ் கொழும்பிலிருந்து ஐந்து மணி என்று கெடு வைத்தபோதே, தளம் அதை உள்ளுக்குள் நாலரை என்றுதான் பதிந்திருக்கிறது. ஆகவே நான் செய்த திருத்தத்தால் பொய் வெளியே வந்தது, அநியாயம் அப்படியே இருந்தது. பழைய கெடுக்களை ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். அதற்கு மிஸ்ஸால்தான் முடியும்.

மிஸ்ஸுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"தளம் பிழையெண்டால் எல்லாருக்கும் பிழைச்சிருக்க வேணுமே. மற்ற ஆக்கள் எல்லாரும் நேரத்துக்குத்தான் அனுப்பியிருக்கினம். இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்பிடிப் பிழைச்சது?"

நான் மாணவர் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையோ?"

"இல்லை மிஸ். குரல் மட்டும்தான் தெரியும்."

"நீங்களும் இந்தியாவில இருந்து வந்தனீங்கள்தானே" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. எழுத்துமூலமான காரணம் ஏதும் இருந்தால் திங்களுக்கு முன் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாவது கதிரையில் காலை நீட்டிக்கொண்டு யோசித்தேன். ஐந்து மணி என்று எழுதியிருக்கிற இடத்தில் ஒரு கூட்டமே நாலரைக்கு முன் கொண்டுவந்து கொடுக்குமா? எங்கள் சனம் அப்படிப்பட்ட சனமா? எனக்குத் தெரிந்து கலியாண வீட்டுக்குக்கூட அப்படி வந்தது கிடையாது. கேட்டே பார்ப்போம் என்று எருக்கலம்பிட்டியில் இருந்த ஒரு மாணவருக்கு எடுத்தேன். மாணவர் என்றாலும் என்னைவிட மூத்தவர், கருவாட்டு யாவாரி. வியாபாரக் கணக்கைக் கணினியில் ஏற்றவேண்டும் என்பதற்காகப் படிக்க வந்தவர். முஸ்லிம் ஊர் வழக்கில் அண்ணன் என்று நான் அவரை நானா என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். அந்த 'சேர்' கொஞ்சம் சிரித்தபடிதான் வரும்.

"நானா, ஒப்படையை எத்தினை மணிக்கு அனுப்புறனீங்கள்?"

"நாலு, நாலேகாலுக்கு அனுப்பிருவன். நாலரை தாண்டினா அது எடுக்காதுதானே."

"ஐஞ்சு மணி எண்டெல்லோ போட்டிருந்தது?"

"அது புது நேரம், சேர்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"முதல் கிழமையே பாத்தனான், அரை மணித்தியாலம் கூட ஓடுது. ஓ, இது அந்தப் புது நேரத்தில நிக்கிற சாமான் எண்டு விளங்கிட்டுது. நாங்க புத்தளத்தில அகதியா இருக்கக்க புது நேரம். சமாதான காலத்தில யாவாரத்துக்கு வன்னிப் பக்கம் போனா, தடைமுகாமைத் தாண்டின உடன பழைய நேரம். இயக்கம் தன்ர பக்கம் மணிக்கூட்டை மாத்தேல்லைத்தானே. நாலுக்கு வாறன் எண்டு ஆரும் சொன்னா, எந்த நாலு எண்டு கேக்கோணும். கேக்காமப் போய் அரை மணித்தியாலம் வெயிலுக்க நிண்டிருக்கிறன்."

"ஏன் நானா, இதை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நேரம் பிழை எண்டு ஆரிட்டப் போய் முறைப்பாடு வைக்கிறது, சேர்? அவங்க ஒரு நேரம் வைப்பாங்க, இவங்க ஒரு நேரம் வைப்பாங்க. நாங்க கழிச்சுப் பாத்திட்டுப் போகவேண்டியதுதான்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க அப்ப இந்தியாவிலதானே. உங்களுக்குத் தெரியாதுதான்."

இன்னும் சிலருக்கு எடுத்தேன். கொண்டச்சியில் ஒரு அம்மா, தளத்துக்கென்றே சுவரில் இரண்டாவது மணிக்கூடு ஒன்றை அரை மணித்தியாலம் கூட்டி மாட்டி வைத்திருந்தார். வன்னிக்குள் இருந்து வந்த ஒரு பெடியன், 'புது நேரம்தானே' என்று மிகச் சாதாரணமாகச் சொன்னான். நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் இது கோளாறாகப் படவில்லை. மழை வந்தால் குடையை எடுப்பதுபோல, கழித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தொலைபேசியை வைத்தேன். ஊர் இரண்டு நேரத்தில் கிடந்த அத்தனை வருசமும் நான் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறேன். அந்த அரை மணித்தியாலத்துக்குள் இவர்கள் வெயிலில் நின்றார்கள், பஸ்ஸைத் தவறவிட்டார்கள், சண்டை பிடித்தார்கள், சிரித்தார்கள். அதற்குள் நான் ஒரு நிமிசமும் இருந்ததில்லை. பிறந்த ஊருக்குத்தான் திரும்பியிருக்கிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தளத்தோடு சரியாக மாட்டுப்பட்டது இரண்டே பேர்தான். ஒன்று முகாமில் பிறந்தவள், மற்றது முகாமிலிருந்து வந்த தொழில்நுட்ப உதவியாளர். மணிக்கூட்டில் என்ன நேரமோ அதுதான் நேரம் என்று நம்பியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

எழுத்துமூலம் காரணம் எழுதக் குந்தினேன். இரண்டு வரியோடு நின்றுவிட்டது. எழுதியதை நானே வாசித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கடைசியில் நானாவையே பிடித்தேன். "நானா, எனக்குச் சொன்னதை அப்பிடியே மிஸ்ஸுக்கும் சொல்லுவியளோ? அந்தப் பாப்பாமோட்டைப் பிள்ளையின்ர வேலை இதிலதான் நிக்குது."

"அதுக்கென்ன சேர், இப்பவே எடுக்கிறன்" என்றார்.

பின்னேரம் மிஸ் தானாகவே எனக்கு எடுத்தார். எடுக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

"எருக்கலம்பிட்டி நானா என்ன கேட்டவர் தெரியுமோ? 'மிஸ், நீங்கள் இன்னும் புது நேரத்திலயோ இருக்கிறியள்?' எண்டார். எனக்குப் பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. நாங்கள் அந்த நாளில இருட்டுக்க பள்ளிக்கூடம் போனனாங்கள். ரோச் லைற் அடிச்சுக்கொண்டு. அம்மா ஒவ்வொரு நாளும் அரசாங்கத்துக்கு ஏசிக்கொண்டுதான் தலை இழுத்துப் பின்னிவிடுவா."

அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இருட்டைப்பற்றிச் சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடங்களில் கவனமாகச் சிரித்தேன். கடைசியில், பழைய கெடுக்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். பெயர் எடுபடாது என்றார்.

அடுத்த நாள் பாப்பாமோட்டையிலிருந்து அழைப்பு வந்தது.

"சிவப்பு போயிட்டுது சார். மூணும் போயிட்டுது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினன்."

"என்ன சொன்னவ?"

"மெசினுக்கும் மணி பாக்கத் தெரியாதாம்."

நான் பலமாகச் சிரித்துவிட்டேன். கீழே கடை முதலாளி மேலே பார்த்திருப்பார். அவளும் சிரித்தாள். பிறகு, "நீங்க எந்தக் கேம்ப் சார்?" என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் முகாம் வாசலில் இருந்த வேப்பமரம், தண்ணி லொறி வருகிற நாளில் குடங்களின் சண்டை, கையெழுத்து வைக்கிற நாளின் வரிசை என்று தொடங்கிவிட்டேன். பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒரே மூச்சில் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது.

"பிள்ளை எழும்பிட்டான் சார். வைக்கிறன். இனிப் பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டும் இல்லை தங்கச்சி" என்றேன். என் தொழிலில் இது ஒரு இடைஞ்சல். நன்றாகச் செய்தால் பிறகு ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

அடுத்த வியாழன் பின்னேரம் தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். நேரம் திருந்திவிட்டது என்று எல்லோருக்கும் அறிவித்திருந்தும், நானா வழமைபோல நாலு மணிக்கே அனுப்பியிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். நாலரைக்குள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மூலையில் இருந்த பெட்டியில் இன்னொரு பெயர் வந்தது. அவள்தான். கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நாலேமுக்காலுக்கு ஒப்படை வந்தது, கறுப்பு எழுத்தில். பெயர் மறைந்தது. பெட்டியில் திரும்பவும் நான்.

மூடுவதற்கு முன் கலந்துரையாடல் பகுதியையும் ஒருமுறை பார்த்தேன். ஊரை மாற்றியபோது தளத்தில் இருந்த எல்லா நேரங்களும் சேர்ந்து நகர்ந்திருந்தன. 'எல்லாருக்கும் வணக்கம்' என்று நான் எழுதியதும் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போயிருந்தது. கீழே பதில் ஒன்றும் இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அரை மணித்தியாலம் முந்தியே அவர்கள் பதில் போடாமல் இருக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.